வியாழக்கிழமை மத்தியானத்து அப்டேட்

அத்தியாயம் 9

"அறையைப் பாக்க முப்பது நிமிஷம்தான். முப்பத்தொண்ணு ஆச்சுன்னா செக்யூரிட்டி உங்களைத் தூக்கிட்டுப் போய் வெளிய வைப்பான்" என்றார் பெரிய டாக்டர்.

"என்னைத் தூக்க ஒரு ஆள் பத்தாது டாக்டர். மத்தியானம் நல்லா சாப்பிட்டிருக்கேன்" என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. அவரைச் சிரிக்க வைக்க நானும் சொல்லவில்லை. வாய்க்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் கை அவருடைய சட்டைக் காலருக்குப் போய்விடும் போலிருந்தது. நாலு நாளாக என் நிலைமை இதுதான். பொய்க்காரி என்று முத்திரை குத்தி அவர் வெளியே அனுப்பியது என் கூடப்பிறந்த அக்காவை.

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அக்காதான் புள்ளியியல் நிபுணர். ரத்த அழுத்தத்துக்குப் புதிதாக வந்த ஒரு மாத்திரையை நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. மூன்று வாரத்துக்கு முன் அக்கா எல்லாரையும் ஒப்பிட்டுப் பார்த்து, நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறது என்று அறிக்கை கொடுத்தாள். மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். அந்த மாத்திரை பெரிய டாக்டரின் செல்லப் பிள்ளை. அவர் முகத்தில் அன்றைக்கே எள்ளும் கொள்ளும் வெடித்தது.

போன வெள்ளிக்கிழமை விசாரணைக் கமிட்டி அக்காவைக் கூப்பிட்டு, அதே கம்ப்யூட்டரில் அதே வேலையைத் தங்கள் கண் முன்னால் மறுபடி செய்யச் சொன்னது. அதே தகவல்கள், அதே புரோகிராம். விடை மட்டும் வேறு. வித்தியாசம் எதுவும் இல்லை என்றது திரை. முதல் விடை அவள் சொந்தமாகக் கட்டிவிட்ட கதை என்றார் பெரிய டாக்டர். திரையைக் கீழே நகர்த்திப் பார்க்கக்கூட விடாமல் அவளை அனுப்பிவிட்டு அறைக்குச் சீல் வைத்தார்கள்.

இன்று நாலு மணிக்குக் கமிட்டி கடைசியாகக் கூடுகிறது. ஐந்து மணிக்குக் கீழ்த்தளக் கவுண்டரில் அதே மாத்திரையை மறுபடி கொடுக்கப் போகிறார்கள். இப்போது மணி மூன்று.

கீழே வரிசை ஆரம்பித்துவிட்டது. மேலே வரும்போது பார்த்தேன். முதல் நாற்காலியில் ஒரு லாரி டிரைவர், செருப்புக்குள் அடங்காத வீங்கின காலோடு உட்கார்ந்திருந்தார். "கவுண்டர் அஞ்சு மணிக்குத் திறந்துடும்ல தம்பி?" என்று என்னைக் கேட்டார். தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டேன். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

அக்காவும் அத்தானும் அதே கூடத்தின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அத்தானுக்கும் இங்கேயேதான் வேலை. கட்டடம் முழுவதற்கும் கம்ப்யூட்டர் நிர்வாகி. நாலு நாளாக அக்காவின் பையைத் தூக்குவது, தண்ணீர் பாட்டிலை நீட்டுவது, கர்ச்சீப்பை நீட்டுவது எல்லாம் அவர்தான். நல்ல மனுஷர். பேச்சு கொஞ்சம் கம்மி.

"வியாழக்கிழமை கூட நல்லாத்தாண்டா இருந்தேன்" என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் கேண்டீன்ல ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல, வேலை நாள்ல ஒண்ணா சாப்பிட்டது அன்னிக்குத்தான். ஐஸ்கிரீம் கூட வாங்கிக் குடுத்தார். மறுநாளே இப்படி."

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடம் மட்டும் கைப்பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து அதன் முதுகில் ஏதோ கிறுக்கிக்கொண்டார்.

மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் முன்னாள் இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர். பொய்யாகக் கிளெய்ம் கேட்டவர்களைக் குத்திக் குத்தி உண்மையை வெளியே எடுத்ததால் ஊசி என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. அவர் என்னைக் கூப்பிடுவது வாலு. ஆறு வருஷமாக அவருக்கு உதவியாளர் நான். சம்பளத்தில் பாதி வாயை மூடிக்கொண்டிருப்பதற்காக என்பார். அந்தப் பாதி வேலையை நான் ஒருநாளும் ஒழுங்காகச் செய்ததில்லை.

மூன்றாவது மாடியில் சீலை உடைத்துக் கதவைத் திறந்தார் கமிட்டி கிளார்க். சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அக்காவின் ஸ்வெட்டர் தொங்கும் நாற்காலி, ஜன்னலில் வாடிப்போன செடி. வெள்ளிக்கிழமையே நெட்வொர்க் வயரைப் பிடுங்கி, முனையில் டேப் ஒட்டி, டேப் மேல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"மவுஸை நான் மட்டும்தான் தொடுவேன். நீங்க பாக்கலாம், கேக்கலாம். அவ்வளவுதான்" என்றார் கிளார்க். கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தார். ஒரே விரலால் தட்டுகிறவர். பாஸ்வேர்டு அடிக்கவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, இந்த வேகத்துல போனா நாம அடுத்த வெள்ளிக்கிழமைதான் கீழ இறங்குவோம்" என்றேன்.

"வாலு" என்றார் மேடம். நான் அடங்கினேன்.

அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார். "தகவல் மாறல. அது சீல் வச்ச டிஸ்க்ல இருக்கு. புரோகிராம் மாறல. அதைக் கமிட்டியே வரி வரியா ஒப்பிட்டுப் பாத்தாச்சு. அப்புறம் எப்படி விடை மாறும்? மூணாவதா ஒண்ணு இருக்கணும். உங்க அக்காவுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். மேடம் கேட்டதற்கு அக்கா உடனே பதில் சொன்னாள்.

"பேக்கேஜ் இருக்கு மேடம். எங்க சாஃப்ட்வேர் வெறும் போன் மாதிரி. பேக்கேஜெல்லாம் அதுல நாம ஏத்திக்கற ஆப் மாதிரி. உலகத்துல யார் யாரோ எழுதிப் பொதுவில போடுவாங்க. படம் வரைய ஒண்ணு, நோயாளிகளை ஒப்பிட ஒண்ணு, இப்படி. அப்பப்ப புது வெர்ஷன் விடுவாங்க. வெர்ஷன் மாறினா விடை மாறலாம். எனக்கு முதல்ல தோணினதே அதுதான்."

"அப்ப பாத்தீங்களா?"

"நான் எங்க பாக்கறது? என்னைத்தான் பிடிச்சு வெளிய தள்ளிட்டாங்களே. இவர் பாத்தார். அதே வெர்ஷன்தான், மூணு மாசமா அந்த மெஷின்ல யாரும் ஒண்ணும் ஏத்தலன்னு கமிட்டிக்கும் எழுதிக் குடுத்திருக்கார்."

"உங்க கண்ணால பாக்கல."

"இல்ல மேடம். அவர் பாத்தார்."

மேடம் கிளார்க்கைப் பார்த்தார். "ஐயா, அந்தப் பேக்கேஜெல்லாம் இருக்கற ஃபோல்டரைத் திறங்க. தேதி வாரியா அடுக்குங்க."

கிளார்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலைத் தயார் செய்தார். திரையில் ஒரு பட்டியல் வந்தது. நூறுக்கும் மேலே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே தேதி, மூன்று மாதத்துக்கு முந்தையது. உச்சியில் இருந்த இரண்டைத் தவிர.

நான் குனிந்து படித்தேன். என் காது சூடாகியது. "மேடம், நோயாளிகளை ஒப்பிடற பேக்கேஜ். போன வியாழக்கிழமை, மத்தியானம் ஒண்ணு இருபத்தெட்டு. எவனோ புதுசா ஏத்தியிருக்கான்."

"என்னது?" என்றாள் அக்கா போனில்.

"இன்னொண்ணு என்ன?" என்றார் மேடம்.

"அதே பேக்கேஜ் பேரு. முன்னாடி லாக்னு போட்டிருக்கு. அதே வியாழக்கிழமை, பன்னெண்டு நாற்பத்தாறு."

போனில் இப்போது அத்தானின் குரல் வந்தது. "அது குப்பை மச்சான். இன்ஸ்டால் ஆகும்போது தானா உருவாகிற ஃபோல்டர். எல்லா மெஷின்லயும் பத்துப் பதினஞ்சு கிடக்கும். அதையெல்லாம் பாத்து நேரத்தை வீணாக்காதீங்க."

"சரி தம்பி" என்றார் மேடம் மிகவும் பணிவாக. பிறகு என் கையிலிருந்த போனை வாங்கி ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டார். "அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி வந்து பேசுங்க. அந்தக் கூடத்துல சத்தம் அதிகமா இருக்கு."

அந்தக் கூடத்தில் சத்தமே இல்லை. மேடம் பணிவாகப் பேசினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அக்கா தள்ளி வந்து சொன்னதை, போனை வைத்ததும் மேடம் எனக்கும் கிளார்க்குக்கும் சொன்னார். "சாஃப்ட்வேர் திறந்திருக்கும்போது, அது கையில வச்சிருக்கற பேக்கேஜை மாத்த முடியாது. ஏணியில ஆள் நிக்கும்போது ஏணியை மாத்த முடியுமா? அந்த மாதிரி. அதனால புதுசு ஏத்த வரும்போது முதல்ல ஒரு லாக் ஃபோல்டர் போட்டு, பழைய பேக்கேஜை அதுக்குள்ள பத்திரமா ஒரு பிரதி எடுத்து வச்சுக்கும். வேலை நல்லபடியா முடிஞ்சா அந்த ஃபோல்டரைத் தானே அழிச்சிடும். நடுவுல நின்னு போச்சுன்னா அழிக்காது. அப்படியே கிடக்கும்."

"அப்ப பன்னெண்டு நாற்பத்தாறுக்கு ஒருத்தன் வந்து முட்டியிருக்கான். அக்கா சாஃப்ட்வேரைத் திறந்து வச்சிருந்ததால முடியல. ஒண்ணு இருபத்தெட்டுக்கு மறுபடி வந்து ஏத்திட்டுப் போயிட்டான்" என்றேன். "வந்தவன் லாக்கைக் கூட்டிப் பெருக்காமலா போவான்?"

"தினமும் நூறு மெஷின்ல பாக்கறவனுக்கு அது கண்ணுலயே படாது. உன் ரூம்ல கிடக்கற சாக்ஸ் உன் கண்ணுல படுதா?"

சாக்ஸை விட்டுவிட்டு நான் வேறு பக்கம் பாய்ந்தேன். "பெரிய டாக்டர்தான் மேடம். ஏத்தறதுக்கு அட்மின் பாஸ்வேர்டு வேணும். அதை சர்வர் ரூம் பிரிண்டர்ல ஒரு சீட்டுல எழுதி ஒட்டியிருக்காங்க, டீ குடுக்கறவருக்குக் கூடத் தெரியும்னு அத்தானே அன்னிக்குப் புலம்பினார். அந்த ஆளை இப்பவே போய்..."

"வியாழக்கிழமை பதினொண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தார்" என்றார் கிளார்க் தரையைப் பார்த்துக்கொண்டு. "கையெழுத்து வாங்க நான்தான் வாசல்ல காத்திருந்தேன். தவிர, அவர் என்னை மாதிரிகூட டைப் அடிக்க மாட்டார். மெயிலைக்கூட பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாடிய செடியைத்தான் முறைக்க முடிந்தது.

"லாக் ஃபோல்டரைத் திறங்க ஐயா" என்றார் மேடம். கிளார்க் திறந்தார். உள்ளே அக்கா பயன்படுத்திய பழைய பேக்கேஜ் முழுசாக, ஒரு குண்டூசி குறையாமல், இருந்தது. அத்தான் குப்பை என்று சொன்ன ஃபோல்டருக்குள் அக்காவின் மானம் இருந்தது.

புதிய பேக்கேஜோடு வந்திருந்த மாற்றக் குறிப்பையும் கிளார்க்கைப் படிக்கச் சொன்னார் மேடம். புது வெர்ஷனில் என்னென்ன மாறியது என்று எழுதியவரே போடும் குறிப்பு அது. ஏழாவது வரியில் கிளார்க்கின் குரல் தடுமாறியது. முன்பெல்லாம் ஒரு நோயாளியின் கடைசிப் பரிசோதனைக் கட்டம் காலியாக இருந்தால், அதற்கு முந்தைய பரிசோதனையின் எண்ணை எடுத்துக்கொள்ளும். இனிமேல் கட்டம் காலியாக இருந்தால் அந்த நோயாளியையே பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பழையபடி வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

"யாரெல்லாம் கடைசி டெஸ்ட்டுக்கு வரல?" என்றேன். கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. படுத்த படுக்கையாகிவிட்டவர்கள் வரவில்லை. வேறு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்க ஊசியோடு கிடந்தவர்கள் வரவில்லை. யாருக்குச் சிறுநீரகம் மோசமாகக் கெட்டதோ அவர்களைத்தான் புது பேக்கேஜ் அழகாகத் துடைத்து வெளியே போட்டிருக்கிறது. மிச்சம் இருந்தவர்கள் தெம்பானவர்கள். வித்தியாசம் எதுவும் இல்லை என்று திரை சொல்லாமல் வேறென்ன சொல்லும்.

என் பல் நறநறத்தது எனக்கே கேட்டது.

"கோபத்தை வச்சுக்கோ. இன்னும் வேலை இருக்கு" என்றார் மேடம். பஸ் டிக்கெட்டின் முதுகில் கிறுக்கியிருந்ததை ஒருமுறை படித்துவிட்டு அதைக் கைப்பைக்குள் போட்டார். "உங்க அக்காவை மேல கூட்டிட்டு வா. தனியா."

"அத்தான் கூட வர்றேன்னு சொன்னா?"

"நீ உன் வாயால அவரைக் கீழயே உக்கார வை. அதுக்குத்தானே சம்பளத்துல மிச்சப் பாதி."

லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஓடினேன். வரிசையைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும், கவுண்டர் திறந்தால் உடனே போன் போடுங்கள் என்று ஏதோ உளறி அத்தானை உட்கார வைத்துவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். படிக்கட்டில் அவள் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது மாடி வராந்தாவில் மேடம் காத்திருந்தார். கண்டதையெல்லாம் அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னார். பிறகு கேட்டார்.

"அந்த சாஃப்ட்வேரை நீங்க எப்ப மூடுவீங்கம்மா?"

"மூடவே மாட்டேன் மேடம். மூடினா பத்து நாள் ஓடின வேலையை மறுபடி ஓட விடணும். வாரக்கணக்குல திறந்தேதான் இருக்கும். எங்க வேலைக்காரங்க எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு."

"வியாழக்கிழமை பன்னெண்டு நாற்பத்தாறுக்குத் திறந்திருந்தது. ஒண்ணு இருபத்தெட்டுக்கு மூடியிருந்தது. நடுவுல நீங்களே மூடியிருக்கீங்க."

"ஆமா, மூடினேன். மெஷின் ரொம்ப சூடாகுது, சர்வர்ல அலாரம் அடிக்குது, எல்லாத்தையும் மூடிட்டு..." அக்கா நிறுத்தினாள்.

வராந்தாவில் டியூப்லைட் ஒன்று கண்ணடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அதைக் கல்லால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"யார் சொன்னாங்க?" என்றார் மேடம். கேள்வி மெதுவாகத்தான் வந்தது.

"எல்லாத்தையும் மூடிட்டுக் கீழ வா, ஒண்ணா சாப்பிடலாம்னார்" என்றாள் அக்கா. தனக்குத்தானே வரிசையாகச் சொல்லிக்கொள்கிறவள் போல மேலே பேசினாள். "பன்னெண்டு அம்பதுக்குப் போன் வந்துச்சு. ஒண்ணு பத்துக்குக் கேண்டீன்ல உக்காந்தோம். ஒண்ணு இருபதுக்கு மறுபடி அலாரம்னு எழுந்து போனார். சர்வர் ரூம்லேருந்தே எந்த மெஷினுக்கும் ஏத்த முடியும். ஒண்ணு முப்பத்தஞ்சுக்கு வந்தார். கையில ஐஸ்கிரீம் இருந்துச்சு."

நான் சுவரில் ஓங்கிக் குத்தினேன். வலித்தது. போதவில்லை. நாலு நாள் அந்த ஆள் நீட்டிய தண்ணீரை நானும்தான் வாங்கிக் குடித்தேன். என் வீட்டுச் சாவி ஒன்று அந்த ஆளிடம் இருக்கிறது.

படிக்கட்டில் காலடிச் சத்தம். கீழே உட்காரச் சொன்னால் உட்காருகிற ஆளா. அத்தான் மூச்சு வாங்க மேலே வந்து எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

"இங்கயே பேசுங்க" என்றாள் அக்கா.

"பெரிய டாக்டர் வழி இருக்கான்னு கேட்டார். புது பில்டிங் கம்ப்யூட்டர் பிரிவு முழுக்க என் பொறுப்புன்னார். இல்லன்னா அடுத்த மாசத்தோட கிளம்புன்னார். நான் ஒண்ணும் பொய்யா ஏத்தல. அது நிஜமான அப்டேட்தான். பொதுவில யார் வேணா எடுக்கலாம். என்னமோ தப்பாயிடுச்சுன்னு உன்னைக் கொஞ்சம் திட்டிட்டு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். பொய்க்காரின்னு சொல்வாங்கன்னு சத்தியமா தெரியாது."

"அந்த ஏழாவது வரியைப் படிச்சீங்களா?" என்றாள் அக்கா.

அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படிச்சிருக்க" என்றாள் அக்கா. ஒன்பது வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "மாவு மாத்திரை சாப்பிட்டவங்கள்ல நாலு பேர் வரல. நிஜ மாத்திரை சாப்பிட்டவங்கள்ல முப்பத்தொன்பது பேர் வரல. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நான் போன் பண்ணினேன். நீ பக்கத்துல சோபாவுல உக்காந்து டிவி பாத்துட்டிருந்த. ஒரு அம்மா போன்லயே அழுதாங்களே, யாருன்னு கேட்டியே. அவங்க புருஷனைத்தான் நீ பட்டியல்லேருந்து எடுத்துட்ட."

அத்தான் சுவரோடு சாய்ந்துகொண்டார். நான் ஒரு அடி முன்னால் போனேன். மேடம் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார். பிடி நல்ல பிடி. பட்டன் ஒன்று தெறித்து உருண்டது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றார் மேடம். "பழைய பேக்கேஜை மட்டும் காட்டினா, ரெண்டு வெர்ஷன் ரெண்டு விடை, எது சரின்னு ஆறு மாசம் ஆராய்வோம்னு பெரிய டாக்டர் இழுப்பார். ஆராயறவரைக்கும் மாத்திரை போகும். யாரோ தெரிஞ்சே மாத்தினாங்கன்னு சொன்னாதான் அஞ்சு மணிக்குக் கவுண்டர் திறக்காது. அதை நான் சொன்னா வெளியாள் பேச்சு. உங்ககிட்ட வந்த போனைப் பத்தி நீங்கதான் சொல்லணும். சொல்லலன்னாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்."

சுவர்க் கடிகாரம் நாலு அடிக்க இரண்டு நிமிடம் காட்டியது. அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கமிட்டி அறைக் கதவைத் தட்டாமலே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கமிட்டித் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. வெட்டிவிட்ட நரைமுடி, குளிருக்கு சால்வை. பக்கத்தில் பெரிய டாக்டர், வெற்றிலை மாற்றக் காத்திருக்கும் சம்பந்தி போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அக்காவின் கம்ப்யூட்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கிளார்க் கொண்டுவந்து சேர்த்தார்.

முதலில் இருக்கும் பேக்கேஜோடு ஓட விட்டார்கள். வித்தியாசம் எதுவும் இல்லை என்று வந்தது. "இதைத்தான் வெள்ளிக்கிழமையே பாத்தோமே" என்றார் பெரிய டாக்டர்.

"கீழ நகர்த்துங்க ஐயா. வெள்ளிக்கிழமை யாரும் கீழ நகர்த்தல" என்றாள் அக்கா.

கிளார்க் நகர்த்தினார். சேர்க்கப்பட்ட நோயாளிகள், முந்நூற்று அறுபத்தொன்பது. நீதிபதி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "மிச்ச நாற்பத்து மூணு பேர் எங்கே?" என்றார்.

லாக் ஃபோல்டருக்குள் இருந்த பேக்கேஜை எடுத்து மறுபடி ஓட விட்டார்கள். முழுசாக நானூற்றுப் பன்னிரண்டு. மூன்று வாரத்துக்கு முன் அக்கா எழுதிய அதே விடை, கடைசிப் புள்ளி வரைக்கும்.

பெரிய டாக்டர் எழுந்தார். "இது ஏதோ பழைய வெர்ஷன். புதுசுதான் திருத்தப்பட்டது. இதை வச்சுக்கிட்டு நாம..."

"உக்காருங்க டாக்டர்" என்றார் நீதிபதி. "புதுசோ பழசோ, மூணு மாசமா ஒண்ணும் ஏத்தலன்னு எழுதி என் மேஜையில வச்சிருக்காங்க. ஏத்தினது யாரு?"

அக்கா சொன்னாள். போன் வந்த நேரம், கேண்டீன், எழுந்து போன நேரம், திரும்பி வந்த நேரம், வராந்தாவில் ஒப்புக்கொண்டது, கூடவே பெரிய டாக்டர் பெயரும். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. ஐஸ்கிரீமை மட்டும் விட்டுவிட்டாள். பெரிய டாக்டர் இந்த முறை சொல்லாமலே உட்கார்ந்தார்.

நீதிபதி போனை எடுத்துக் கீழ்த்தளக் கவுண்டரைக் கூப்பிட்டார். "திறக்காதீங்க. காத்திருக்கறவங்க ஒருத்தர் விடாம ரத்தம் எடுத்து, சிறுநீரகம் எப்படியிருக்குன்னு பாருங்க. இன்னிக்கே." எனக்கு அந்த லாரி டிரைவரின் கால் நினைவுக்கு வந்தது. நாலு நாளில் முதல் தடவையாக ஒரு முழு மூச்சு விட்டேன்.

கிளார்க் வாக்குமூலப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். தேதி, நேரம், சம்பவம், சம்பந்தப்பட்டவரின் பதவி. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சம்பந்தப்பட்டவர் சாட்சிக்கு என்ன உறவு என்ற கட்டம். கதவு திறந்தே இருந்தது. வராந்தாவில் அத்தான் நிற்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. கிளார்க் நல்லவர். குரலைத் தாழ்த்தினார்.

"இதைக் காலியா விட்டுடட்டுமாம்மா? கட்டாயம் ஒண்ணும் இல்ல."

அக்கா அந்தக் கட்டத்தைப் பார்த்தாள்.

"காலியா விடாதீங்க ஐயா" என்றாள். "கணவர்னு எழுதுங்க."